பாதி ஜெபமாலை தூரம்

லண்டனிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளை கிளமென்ட், பூதலூரில் பெண் வீட்டாரிடம் அளந்துகொண்டிருந்தார்.

“எங்க மெட்ரோ எஸ்கலேட்டர் அவ்வளவு நீளம் மாமா. ஏறி முடிக்கிறதுக்குள்ள பாதி ஜெபமாலை சொல்லிடலாம். உங்க பொண்ணு பயந்துடும். நான்தான் கையைப் பிடிச்சு ஏத்தணும்.”

காலம் முழுக்கத் தன்னைப் பட்டிக்காடாகவே நடத்துவாரோ என்று நினைத்த மணப்பெண் விண்ணரசி, அப்பாவை உள்ளே கூப்பிட்டாள்.

“வேண்டாம்னு சொல்லிடுங்கப்பா.”

“கல்யாணப் பட்டு எடுக்கக் கிளம்பிட்டோம். கடையில வச்சுப் பேசிக்கலாம்மா.”

தஞ்சாவூர் ஜவுளிக்கடையில் இருந்தது சின்ன எஸ்கலேட்டர்தான். அதில் ஏறிய விண்ணரசி திரும்பிப் பார்த்தாள். பின்னால் கிளமென்ட் கைப்பிடியைக் கட்டிக்கொண்டு, கண்ணை இறுக மூடி முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

“அருள் நிறைந்த மரியே...”

“லண்டன்லயும் இப்படித்தானா?”

கண்ணைத் திறக்காமலே தலையாட்டினார்.

“ஆமென் அப்புறம் சொல்லிக்கலாம், மாடி வந்துடுச்சு.”

கையைப் பிடித்து அவரை இறக்கிவிட்டு, விண்ணரசி கடைக்காரரிடம் கேட்டாள்:

“கல்யாணப் பட்டு எந்தப் பக்கம்ங்க?”