எந்தப் பூட்டுக்கும் சேராதவை

பதினாறாவது சாவியும் எதற்கும் சேரவில்லை. அவள் அதைச் சாக்குக்குள் போட்டாள்.

மூன்று வாரமாக வீட்டை ஒழித்துக்கொண்டிருக்கிறாள். ஒரு நாளைக்கு ஒரு அலமாரித் தட்டு. அதற்கு மேல் முட்டி வலி விடுவதில்லை.

விதி ஒன்றுதான். கையில் எடுத்ததை அப்படியே கீழே வைக்கக் கூடாது. வைத்துக்கொள்வதா, யாருக்காவது கொடுப்பதா, சாக்குக்குள் போடுவதா என்று முடிவான பிறகே கையை விட்டுப் போக வேண்டும். கீழே வைத்தால் அங்கேயே குடியேறிவிடும்.

கணவர் சண்டைக்கு வருவார் என்று நினைத்திருந்தாள். லிஃப்ட் மெக்கானிக்காக முப்பது வருஷம் இருந்தவர். திருகாணியைக்கூட எறிய மனசு வராது. ஆனால் துருப்பிடித்த ஸ்பேனர், இறக்கையில்லாத ஃபேன், ஒரு மூட்டை ஒயர் என்று அவள் எடுத்துப் போட்டதையெல்லாம் வாயைத் திறக்காமல் கட்டிக் கீழே கொண்டுபோனார்.

வேண்டும் என்று அவர் கேட்டது இரண்டுதான். ஒன்று எண்ணெய்க் குப்பி. இன்னொன்று இந்தச் சாவி டப்பா.

"அத மட்டும் விட்டுடு. நான் பொறுமையா பாத்துக்கறேன்."

"இந்த வீட்ல பூட்டவிட சாவி ஜாஸ்தி. திருடன் வந்தா அவனே கொழம்பிப் போவான்," என்றாள். அவர் சிரிக்கவில்லை.

இன்று அவர் பழைய பேப்பர் கடைக்குப் படியிறங்கியதும் டப்பாவை இறக்கிவிட்டாள்.

ஒவ்வொரு சாவியையும் வரிசையாகப் போட்டுப் பார்த்தாள். பீரோ, மேஜை இழுப்பறை, பின்கதவு, தபால் பெட்டி, கடைசியாக வாசல் கதவு. வாசல் கதவுக்கு இதில் சாவி இருக்காது என்று தெரியும். விதி என்றால் விதி.

அந்த வாசல் பூட்டுக்கு வயதாகிவிட்டது. பூட்டுக்குள் ஐந்து பித்தளைத் தகடுகள் இருக்கும். சாவியின் ஒவ்வொரு பல்லும் தன் தகட்டைச் சரியான உயரத்துக்குத் தூக்க வேண்டும். மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் தாழ்ப்பாள் நகராது. அவர்கள் இருவரின் சாவியிலும் பற்கள் தேய்ந்துபோய்த் தகட்டைப் பாதிதான் தூக்கும். கதவைத் தோளால் முட்டி, கொஞ்சம் மேலே நெம்பி, மூச்சைப் பிடித்துத் திருப்ப வேண்டும்.

பூட்டுக்காரர் மூன்று முறை வந்து, மாற்றச் சொல்லிவிட்டுப் போனார். மூன்று முறையும் அவள்தான் மாட்டேன் என்றாள்.

அந்தப் பூட்டுக்கு மூன்று சாவி. மூன்றாவது மகனிடம் இருக்கிறது.

ஒன்பது வருஷத்துக்கு முன் அப்பாவோடு வாய்த்தகராறு முற்றி, அவன் ஒரு பையோடு கிளம்பிப் போனான். அவள் அப்போது வேலையில் இருந்தாள். திரும்பி வந்தபோது நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவர் ஒன்றுதான் சொன்னார். "சாவிய எடுத்துட்டுதான் போயிருக்கான்."

அதைப் பிடித்துக்கொண்டுதான் இவ்வளவு நாள் ஓட்டினாள். சாவியோடு போனவன் எப்போது வேண்டுமானாலும் திறந்துகொண்டு வரலாம். பூட்டை மாற்றிவிட்டால் பிள்ளை வாசலில் நிற்பான்.

அவர் மறுத்துப் பேசியதில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அந்தப் பூட்டுக்கு எண்ணெய் போடுவார்.

பதினேழாவது சாவியை எடுத்தாள். பீரோவுக்கு இல்லை. இழுப்பறைக்கு இல்லை. பின்கதவுக்கும் தபால் பெட்டிக்கும் இல்லை. காலை இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, சாத்தியிருந்த கதவில் நுழைத்துத் திருப்பினாள்.

திரும்பியது.

தோள் கொடுக்கவில்லை, நெம்பவில்லை. வெண்ணெய் மாதிரித் திரும்பித் தாழ்ப்பாள் விழுந்தது. பற்கள் தேயாத சாவி.

அவள் குனிந்து அதன் தலையைப் பார்த்தாள். லிஃப்ட் அறைச் சாவிகள் எல்லாம் பார்க்க ஒரே மாதிரி இருக்கும் என்று, அரத்தால் கோடு போட்டு அடையாளம் வைப்பது அவர் பழக்கம். வீட்டுச் சாவிக்கும் அதையே செய்திருந்தார். அவருடையதற்கு ஒரு கோடு. அவளுடையதற்கு இரண்டு.

இதில் மூன்று இருந்தன.

மகன் கிளம்பிய அன்றைக்கு வீட்டில் இருந்தது அவர் ஒருவர்தான்.

படிக்கட்டில் செருப்புச் சத்தம் ஏறி வந்தது. வெளியிலிருந்து ஒரு சாவி துளைக்குள் நுழையப் பார்த்து, முட்டி, நின்றது.

"ஏம்மா, உள்ள சாவி போட்டிருக்கியா?"

சாவியைத் திருப்பித் தாழ்ப்பாளை விலக்கி, உருவி எடுத்தாள். கையில் எடுத்தாகிவிட்டது. கீழே வைக்கக் கூடாது.

கதவோரத்து ஆணியில் அவளுடைய சாவி தொங்கிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் இதை மாட்டினாள். பிறகு கதவைத் திறந்தாள்.

வெறும் சாக்கை மடித்துக்கொண்டே உள்ளே வந்தவர் தரையில் திறந்து கிடந்த டப்பாவைப் பார்த்தார். அப்புறம் ஆணியைப் பார்த்தார். மடித்துக்கொண்டிருந்த கை நின்றது.



"பூட்டுக்காரர வரச் சொல்லட்டுமா?" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் போய், வைத்துக்கொள்ளும் சாமான்களுக்கு நடுவிலிருந்து எண்ணெய்க் குப்பியை எடுத்து வந்து அவரிடம் நீட்டினாள்.

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமதானே," என்றாள். "போடுங்க."