அட்மின் மாமி

“லேக் மார்க்கெட்ல முருங்கைக்கீரை எந்தக் கடையில கிடைக்கும்னு இப்போ அந்த மதுவைக் கேக்கறா, பாருங்கோ!”

அனந்தலக்ஷ்மி போனைக் கணவரின் மூக்குக்கு நேரே நீட்டினாள். வெங்கடநாராயணன் பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை.

“கிடைச்சுதாமா?”

“என்னது?”

“கீரை.”

“உங்ககிட்ட வந்து சொன்னேனே!”

டாக்குரியா பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு வாட்ஸப் குழு ஆரம்பித்தவள் அனந்தலக்ஷ்மி. கொல்கத்தாவுக்கு மாற்றலாகி வருகிறவர்கள் பெட்டியைப் பிரிப்பதற்கு முன் அவளுக்குத்தான் போன் செய்வார்கள். இட்லி அரிசியா, வாத்தியாரா, பாட்டு டீச்சரா, எல்லாவற்றுக்கும் அவள்தான். ‘அட்மின் மாமி’ என்றே பெயர்.

சித்திரையில் சால்ட் லேக் கம்பெனி ஒன்றுக்கு வேலைக்கு வந்தாள் மது. முதலில் அவளும் மாமியைத்தான் கேட்டாள். வாட்ஸப்பில் விசாரிப்பதெல்லாம் குட்மார்னிங் படங்களுக்கு அடியில் புதைந்துபோவதைப் பார்த்து, ஓர் இலவச இணையதளத்தில் தனியாகக் குழு தொடங்கினாள். கீரைக்கு ஒரு பக்கம், வரனுக்கு ஒரு பக்கம் என்று பிரித்துப் போட்டாள். ஜனங்கள் ஒவ்வொருவராக அங்கே போய்விட்டார்கள். மாமியின் குழுவில் மாமியின் குட்மார்னிங் மட்டும் மிச்சம்.

மாமியும் மதுவின் குழுவில் சேர்ந்தாள். தினமும் ஒன்று விடாமல் படித்தாள். ஒரு வார்த்தை எழுதவில்லை.

ஒருநாள் புது எண்ணிலிருந்து போன். கார்டன் ரீச் கப்பல் கட்டும் தளத்துக்கு வேலைக்கு வந்திருந்த பையன்.

“மாமி, வணக்கம். நீங்கதானே எல்லாருக்கும் உதவி பண்ணுவீங்க?”

“ஆமாம்ப்பா, சொல்லு!” மாமிக்குக் குரலே குழைந்தது.

“மது அக்கா குழுவுல சேர லிங்க் வேணும். உங்ககிட்ட இருக்கும்னு சொன்னாங்க.”

அன்று முழுவதும் மாமிக்கு வயிறு எரிந்தது. போனில் துழாவி, மதுவினுடையதைவிடப் பளபளப்பாக இன்னோர் இலவச ஆப்பைக் கண்டுபிடித்தாள். ‘உங்கள் போனில் உள்ள எண்களைப் பார்க்கலாமா?’ என்று அது கேட்டது. “பேஷா பாரு” என்று பச்சைப் பட்டனை அமுக்கினாள். குழு தயாரானது. ஒருவரும் வரவில்லை. வந்த ஆத்திரத்தில் ஆப்பைப் போனிலிருந்தே தூக்கிவிட்டாள்.

அடுத்த வாரம் வீட்டுக்கு வீடு தொல்லை ஆரம்பித்தது. ரம்மி ஆட வா, லாட்டரி விழுந்திருக்கிறது, முடி வளரத் தைலம் என்று மெசேஜ் மேல் மெசேஜ்.

மாமிக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு சாப்பாடு ருசித்தது.

“நான் அப்பவே நினைச்சேன். அவளோட இலவசத் தளம் நம்ம நம்பரையெல்லாம் வித்துடுத்து!” என்று வீடு வீடாகப் போன் போட்டுச் சொன்னாள்.

நவராத்திரிக்கு முந்தைய தமிழ்ச் சங்கக் கூட்டத்தில், ஹால் நிறைந்திருந்தபோது எழுந்தாள்.

“மது, நீ தெரியாமத்தான் செஞ்சிருப்பே. ஆனா இத்தனை குடும்பத்து நம்பர் சந்தி சிரிக்கறதே, அதுக்கு யார் பொறுப்பு?”

மது பதில் சொல்வதற்குள் பட்டாபிராமன் எழுந்தார். கொல்கத்தாவிலேயே பிறந்து, வங்கியில் ரிடையரானவர்.

“கீ பிபோத்! என்ன தொல்லைடா இது! நம்பர் மட்டுமா? பேர் போட்டுன்னா வரது! ‘டியர் அறுவை பட்டாபி, உங்களுக்காக ரம்மி மேஜை காத்திருக்கிறது.’ யார் அது, என்னை அறுவைங்கறது?”

ஹால் கொல்லென்று சிரித்தது. பாட்டு டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை.

“எனக்கு ‘டியர் அபஸ்வரம் கீதாஞ்சலி’ன்னு வந்திருக்கு,” என்றாள். கண் கலங்கியிருந்தது.

சிரிப்பு நின்றது.

அனந்தலக்ஷ்மிக்குக் காது சுட்டது. இந்த ஊரில் தெருவுக்கு நாலு கீதாஞ்சலி. குழம்பாமல் இருக்க ஒவ்வொரு பேருக்கும் முன்னால் ஓர் அடையாளம் சேர்த்துப் போனில் பதிவது அவள் வழக்கம். அவள் தூக்கியது ஆப்பை மட்டும்தான். அது அள்ளிக்கொண்டு போனது எங்கேயோ பத்திரமாக இருந்திருக்கிறது.

“நம்மளோட சிரிச்சுப் பேசிண்டே ஒருத்தர் இப்படிப் பேர் வச்சிருக்கா. யாருன்னு இன்னிக்குத் தெரிஞ்சாகணும்,” என்றார் பட்டாபிராமன்.

மாமி தன் போனைக் கைப்பைக்குள் திணித்தாள்.

“நான்தான் அங்கிள்,” என்று எழுந்தாள் மது. “ஆளுங்களை ஞாபகம் வச்சுக்கறதுக்காக விளையாட்டா சேவ் பண்ணினேன். தப்புதான். கீதாஞ்சலி ஆன்ட்டி, ரொம்ப சாரி. என் குழுவை இன்னிக்கே மூடிடறேன். எல்லாரும் மாமி குழுவுக்கே போயிடுங்க.”

கொஞ்ச நேரம் முணுமுணுப்பு.

“சரி, ஒரு நாள் வந்து நான் பாடறதைக் கேட்டுட்டு அப்புறம் பேரை மாத்து,” என்றாள் கீதாஞ்சலி. பேச்சு கொலுவுக்குத் திரும்பியது.

கூட்டம் கலைந்ததும், மாமி வாசலில் மதுவை மறித்தாள்.

“ஏண்டி பொய் சொன்னே?”

“எனக்கும் மெசேஜ் வந்தது மாமி. அடியில பொடி எழுத்துல ஒரு ஆப் பேர் இருந்தது, அதைத் தேடிப் போனேன். உங்க பேர்ல ஒரு குழு இருந்தது. உள்ளே நீங்க மட்டும்தான். போனைக் குடுங்க, அங்கே இருக்கற உங்க கணக்கை அழிச்சுத் தரேன். இனிமேலாவது புதுசா எதுவும் அள்ளாது.”

மாமி கொடுத்தாள்.

“தெரிஞ்சும் ஏன் என்னைக் காட்டிக் குடுக்கலை?”

மது தன் போனைத் திருப்பிக் காட்டினாள். ‘டியர் நேத்து வந்த மது’ என்று ஆரம்பித்தது மெசேஜ்.

“நேத்து வந்தவளை எல்லாரும் மன்னிச்சுடுவாங்க மாமி. உங்களை மன்னிப்பாங்களா?”