சத்தம் போடாத மனுஷன்

நகரத்தை ஒட்டிய கடலோரச் சதுப்பு நிலம் அது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் மரப்பாலம் முழுக்க மனிதக் கூட்டம். பாலத்துக்குக் கீழே சேற்றில் இருந்தபடி அவர்களை வேடிக்கை பார்ப்பது நண்டுக்கும் நீர்க்கோழிக்கும் வழக்கம்.

"செல்ஃபி எடுக்கிறவங்க, சிப்ஸ் திங்கிறவங்க, பிள்ளையைத் திட்டுறவங்க. எல்லாம் எப்பவும் வர்ற இனம்தான்," என்று அலுத்துக்கொண்டது நண்டு. "சத்தம் போடாத மனுஷன்னு ஒரு இனம் உண்டாமே?"

"அக்கரைக் கொக்கு பார்த்ததாச் சொல்லுது. எனக்கென்னவோ நம்பிக்கை இல்லை," என்றது நீர்க்கோழி.

அப்போது ஒருவர் வந்தார். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, பலகை கிறீச்சிடாமல் நடந்து, ஓர் ஓரமாக உட்கார்ந்தார். போனை எடுக்கவே இல்லை. இருமல் வந்தபோதுகூடத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

நண்டு கண் இரண்டையும் மேலே நீட்டிப் பார்த்தது.

"அதேதான்! அதேதான்! எல்லாரும் ஓடி வாங்க!" என்று கத்தியது. நீர்க்கோழி தண்ணீரைச் சிறகால் அடித்துக் கூவியது. கொக்குகள் படபடவென்று வந்து இறங்கின. "கழுத்தை மடக்குப்பா, மறைக்குது!" என்று ஒரே தள்ளுமுள்ளு. இன்னும் கிட்டத்தில் பார்க்க ஆசைப்பட்ட நண்டு, பாலத்துத் தூணில் ஏறிப் போய், அவருடைய கால் கட்டைவிரலைக் கொடுக்கால் பிடித்துப் பார்த்தது.

"ஐயோ அம்மா!" என்று அலறிய மனிதர் செருப்பைக்கூட எடுக்காமல் ஓடினார்.

நீர்க்கோழி ஏமாற்றத்தோடு தலையை ஆட்டியது.

"நான்தான் சொன்னேனே. இதுவும் சத்தம் போடுற இனம்தான்."