முந்நூறு ஓம்

“சத்தம் பத்தல” என்று ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தார் சிவசங்கர்.

ஜெயகணேஷின் முகம் வாடிவிட்டது. சுரங்கத்தில் இருவரும் ஒரே ஷிப்ட். அண்ணனின் ஹெட்போன் முனகுகிறதே என்று, தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய ஆம்ப்ளிஃபயர் ஒன்றை வரவழைத்து, ஞாயிற்றுக்கிழமை மாலை குவார்ட்டர்ஸுக்கே கொண்டுவந்திருந்தான்.

“அண்ணே, இது முந்நூறு ஓம் ஹெட்போன். வெறும் ஃபோன்ல சொருகினா முனகத்தான் செய்யும். இந்த ஆம்ப் இருந்தா நல்லாத் தள்ளும்.”

“கன்வேயர் மோட்டாருக்கு டார்ச் பேட்டரி போட்டா ஓடுமா? கைக்குள்ள அடங்கற பொட்டி, முந்நூறு ஓமத் தள்ளுமாய்யா?”

“தள்ளுதுண்ணே. நான் போட்டுப் பார்த்துட்டுத்தானே கொண்டாந்தேன்.”

“உனக்கு வயசுக் காது. கேக்கும்.”

ஜெயகணேஷ் விடவில்லை. ஒயரை மாற்றிச் சொருகி, ஒலியை இன்னும் கூட்டி, “இன்னும் ஒரே ஒரு தடவ” என்று ஹெட்போனை நீட்டினான். காதுப் பக்கம் அடைப்பில்லாமல் வெறும் வலை வைத்த வகை அது. காற்றும் ஒலியும் தாராளமாகப் போய்வரும். சிவசங்கர் வேண்டாவெறுப்பாக மாட்டிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார்.

அவர் மனைவி திலகவதி காப்பியோடு வந்தாள். “இந்தாங்க தம்பி” என்று மெல்லச் சொன்னவள், பிறகு குரலைக் கூட்டிக்கொண்டாள். “நான் ஒருத்தி. எதுக்கு மெதுவாப் பேசறேன்? அவரு ஓம் கேக்கறாரு. நம்ம பேச்சு காதுல விழாது.”

“ஓமாண்ணி?”

“இது வந்த அன்னிக்கே சொன்னாரே, இதுல முந்நூறு ஓம் இருக்குதுன்னு. அத்தினி ஓம் காதுல ஓடினா மனுஷன் மாறாம என்ன செய்வாரு?”

அது மின்தடையின் அளவு என்று சொல்ல ஜெயகணேஷ் வாயைத் திறந்தான். அவள் முகத்தைப் பார்த்தான். எல்லாப் பிழைகளையும் திருத்தித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. காப்பியைக் குடித்தான்.

“மாறிட்டாரா அண்ணி?”

“மின்ன எல்லாம் எதக் கேட்டாலும் மொத வார்த்த ‘முடியாது’தான். அதனால அவருகிட்ட நான் எதுவும் கேக்கறதே இல்ல. அவரு இத மாட்டிகினு உக்காந்ததும், இங்க வெளக்கேத்தி, முருகன்கிட்ட வாய்விட்டுக் கேட்டுடுவேன். கொழா ஒழுகுதுன்னு சொன்னேன். ஸ்பேனரோட வந்து நின்னாரு. எங்க அக்காவ ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போகணும்னேன், மறுநாளே கெளம்புன்னாரு. நான் அவருகிட்ட ஒரு வார்த்த பேசல தம்பி. எல்லாம் அந்த ஓம் செய்யற வேல.”

விளக்கு வைக்கும் நேரம் ஆகியிருந்தது. கூடத்துச் சுவரில் ஒரு பலகையும், அதில் வில்லுடையான்பட்டு முருகன் படமும்தான் அந்த வீட்டுப் பூஜையறை. திலகவதி திரியைத் தூண்டி ஏற்றிவிட்டுக் கைகூப்பினாள்.

“முருகா, நித்யாவுக்கு ஏழாம் மாசம். கிளமென்ட்டக் கட்டிகினதுலேர்ந்து அவரு பெத்த பொண்ணு பேரக்கூட எடுக்கல. வளைகாப்பு இந்த வூட்டுலதான் நடக்கணும். அவ படியேறி வரப்ப, அவரு வாயால ‘வாம்மா’ன்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும். இனிமே உங்கிட்ட ஒண்ணும் கேக்க மாட்டேன்.”

ஜெயகணேஷ் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தான். சிவசங்கர் கண்களை மூடவில்லை. நெற்றியைச் சுருக்கி, மனைவியின் உதடுகளையே பார்த்தபடி, நாற்காலியில் சற்று முன்னே குனிந்திருந்தார். ஹெட்போன் வலை வழியாக நாதஸ்வரம் கூடம் முழுக்கக் கசிந்தது.

“இன்னிக்கு ஓம நாயனத்துல வாசிக்கறாங்க போல” என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு திலகவதி உள்ளே போனாள்.

சிவசங்கர் சட்டென்று ஹெட்போனைக் கழற்றினார். “ம்ஹூம். பத்தல. இந்தப் பொட்டிய நீயே எடுத்துகினு போயிடு.”

ஜெயகணேஷ் ஆம்ப்ளிஃபயரைப் பைக்குள் போட்டுக்கொண்டான். வழியனுப்ப சிவசங்கர் கேட் வரைக்கும் வந்தார். வண்டியை நிமிர்த்திய பிறகும் அவனுக்கு மனம் ஆறவில்லை.

“உண்மையச் சொல்லுங்கண்ணே. தள்ளி உக்காந்திருந்த எனக்கே நாயனம் கேட்டுது. உங்களுக்கா பத்தல?”

சிவசங்கர் ஒருமுறை வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

“பிரமாதமாக் கேக்குதுய்யா. நாயனம் தனியா, தவில் தனியா, அப்பிடியே எதுர உக்காந்து வாசிக்கற மாதிரி இருக்குது.”

“அப்பறம் ஏண்ணே வேணாங்கறீங்க?”

“இது நல்லாக் கேட்டா, அவ கேக்கறது எனக்குக் கேக்க மாட்டேங்குது.”

ஜெயகணேஷ் சாவியைத் திருகப் போன கையை அப்படியே நிறுத்தினான். சிவசங்கர் வண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

“அழுதாளே, இன்னிக்கு என்னய்யா கேட்டா?”