நல்ல காது

அக்கார்டியனை ஒரு பக்கத்து வாரில் பிடித்துத் தூக்கி, எந்தப் பொத்தானையும் தொடாமல் சும்மா தொங்கவிட்டான் சுந்தரராஜ்.

பொத்தென்று விழுந்தால் துருத்தி கிழிசல் என்று அர்த்தம். விழவில்லை. ஆனால் மெல்ல இறங்கியது. அப்படியென்றால் எங்கோ சின்னதாக ஓட்டை.

சுரங்க வேலைக்கு வருமுன், பெங்களூர் தண்டில், பட்டாளத்துப் பேட்டையில், பாட்டுப் பெட்டி பழுதுபார்க்கும் கடையில் ஆறு வருஷம் குப்பை கொட்டியவன் அவன். அது தெரிந்துதான் சுரங்கத்து மேலதிகாரி ஆர்தர் கேப்டன், ஞாயிறும் அதுவுமாக, ஆள் விட்டு அவனைப் பங்களாவுக்கு வரவழைத்திருந்தார். சீமைக்குக் கப்பலேறப் போகும் ஒரு துரை விற்கிற பெட்டி. துரைமார் சபைக்கு வாங்கலாமா, கூடாதா என்று சுந்தரராஜ்தான் சொல்ல வேண்டும்.

இதில் ஒரே ஒரு சங்கடம். அவனுக்குக் காது கேட்காது.

ஆறு மாதத்துக்கு முன் சுரங்கத்தில் பக்கத்திலேயே வெடித்த வெடி இரண்டு காதையும் கொண்டுபோய்விட்டது. பெண்டாட்டி இசபெல்லாவைத் தவிர யாருக்கும் தெரியாது. தெரிந்தால் வேலை போகும். வேலை போனால் கம்பெனி கொடுத்த லைன் வீடும் போகும். அப்புறம் அவளை எங்கே கூட்டிக்கொண்டு போவான்?

கீழே சுரங்கத்தில் அவன் முட்டுமரம் கட்டுகிற இடத்தில் எல்லோரும் கத்தித்தான் பேசுவார்கள், கையைக் காட்டித்தான் பேசுவார்கள். வாயைப் பார்த்தே இத்தனை நாள் ஓட்டிவிட்டான். கேப்டன் வாயைப் பார்த்துப் பிரயோஜனமில்லை, முழுக்க மீசை. பேசுவதும் இங்கிலீஷ். நல்லவேளை, எடுத்துச் சொல்ல இன்பராஜ் கூட இருந்தான். சுரங்கத்தில் அவனுடைய அதே லெவலில், அதே ஆழத்தில், வெடிக்குப் பாறையில் துளை போடுகிறவன்.

கதவைச் சாத்தி, சுரங்கத்து மெழுகுவத்தி ஒன்றைக் கொளுத்தினான். இன்பராஜைத் துருத்தியை அமுக்கச் சொல்லி, மடிப்பு மடிப்பாகச் சுடரைக் காட்டினான். மூன்றாவது மடிப்பின் மூலையில் சுடர் சாய்ந்தது. இங்கே தோல் ஒட்ட வேண்டும் என்றான்.

மோந்து பார்த்தான், பூசணம் இல்லை. ஆட்டிப் பார்த்தான், உள்ளே எதுவும் கழன்று உருளவில்லை.

அடுத்ததுதான் சிக்கல். ஒவ்வொரு பொத்தானையும் இழுக்கும்போது ஒருமுறை, அமுக்கும்போது ஒருமுறை பார்க்க வேண்டும். இந்த மாதிரிப் பெட்டியில் இரண்டுக்கும் வேறு வேறு சுரம்.

கண்ணை மூடித் தாடையைப் பலகைமேல் வைத்துக்கொண்டான். பார்க்கிறவர்களுக்கு உருகிக் கேட்கிற மாதிரி இருந்திருக்கும். அவனோ மனசுக்குள் கர்த்தரே, கர்த்தரே என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

ஒவ்வொரு சுரமும் எலும்பில் ஏறியது. ஏழாவது பொத்தான், இழுத்தபோது ஒழுங்காக அதிர்ந்தது. அமுக்கியபோது தாடையில் எறும்பு ஊர்ந்தது.

பலகையைக் கழற்றினான். அந்தச் சுரத்தின் பித்தளை நாக்கில் களிம்பு ஏறியிருந்தது. சுரண்டினால் போய்விடும், வாங்கலாம் என்றான்.

பலகையை மாட்டிக் கொடுத்ததும் கேப்டன் அந்த ஏழாவதையே இழுத்தும் அமுக்கியும் மாற்றி மாற்றி வாசித்துப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. பெட்டிக்காரத் துரையே இதைக் கவனித்ததில்லையாம் என்று இன்பராஜ் எடுத்துச் சொன்னான். சுந்தரராஜ் முதுகில் தட்டிவிட்டு இன்பராஜிடம் என்னவோ வெகுநேரம் பேசினார்.

சுந்தரராஜுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வீட்டுக்குப் போய் இசபெல்லாவிடம் சொல்லிச் சிரிக்கலாம் என்று நினைத்துக்கொண்டான்.

இன்பராஜ் அவன் பக்கம் திரும்பினான்.

"இன்னா காதுடா உனக்கு, கேப்டனே அசந்துட்டாரு. நாளையிலேர்ந்து நம்ம லெவல்ல வெடி எண்ணுறது நீதான். நீ எண்ணிச் சொன்னாத்தான் நான் உள்ள போவேன்."

பத்துத் துளையில் மருந்து வைத்தால் பத்துச் சத்தம் கேட்க வேண்டும். ஒன்பதுதான் கேட்டதென்றால் ஒன்று வெடிக்காமல் பாறைக்குள் இருக்கிறது. அது தெரியாமல் முதலில் போய் உளியை வைக்கிறவன் பிணமாகத்தான் வருவான்.

சுந்தரராஜ் லைன் வீட்டை நினைத்தான். இன்பராஜின் முகத்தைப் பார்த்தான்.

"கேப்டன்கிட்ட சொல்லு. எனக்குக் காது கேக்காதுப்பா. ஆறு மாசமா கேக்கல."

இன்பராஜ் ஒரு வார்த்தை விடாமல் எடுத்துச் சொன்னான்.

இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பதைப் பார்த்தபடி அவன் நின்றான்.