பெயர் ஓடு

இத்தாலியின் பலெர்மோ நகரப் பழைய தெருவில், வீட்டு வாசலில் பதிக்கும் பெயர் ஓடுகளுக்கு வண்ணம் தீட்டச் சுற்றுலாக்காரர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் பட்டறை அது. துசானி அதன் வாசலில் நின்றாள். இரண்டு மாதமாகப் போனில் மட்டுமே கதைத்த விதுரனை இன்றுதான் நேரில் பார்க்கிறாள்.

"அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தனீங்களோ?" என்று அவனிடம் கேட்டாள்.

"ஓம், உள்ளுக்கை இருக்கிறா. உங்கடை அப்பா?"

"அவரும்தான். ஓட்டிலை ஏதும் கீறிக்கொண்டிருங்கோ எண்டு இருத்திப்போட்டு வந்தனான்."

விதுரன் தலையைச் சொறிந்தான். "சாதகம் நல்லாப் பொருந்தியிருக்கு. சனம் என்ன கதைக்குமோ எண்டுதான்..."

"கதைக்கிறவை கதைக்கட்டும். இந்தக் கலியாணம் நடக்கவேணும்."

"எனக்கும் அதுதான் ஆசை."

சற்றுப் பொறுத்து இருவரும் யன்னலால் எட்டிப் பார்த்தார்கள்.

மனைவி இறந்து ஆறு வருடமாகச் சிரிப்பையே மறந்திருந்த துசானியின் அப்பா, மூக்கில் நீல வர்ணத்தோடு விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார். கணவனை இழந்த விதுரனின் அம்மா அதைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தார். மேசையில் ஒரே ஓட்டில் இரண்டு பெயர்கள் ஈரம் காயாமல் மின்னின: விக்னராஜா – இந்திராதேவி.

துசானி கண்களைத் துடைத்துக்கொண்டு விதுரன் பக்கம் திரும்பினாள்.

"இனி உங்களை அண்ணா எண்டே கூப்பிடலாம் போலை."