ஒரு டம்ளர் தண்ணீர்

"ஒரு மாத்திரையை விட்டுட்டேன்க்கா. நேத்து ராத்திரி போட வேண்டியது. இப்ப என்ன பண்றது?"

கடையில் வேறு யாரும் இல்லாத நேரம் பார்த்துத்தான் அவள் கேட்டாள். அப்படியும் குரல் கண்ணாடிப் பெட்டியைத் தாண்டவில்லை.

மருந்துக்கடை அக்கா மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள். "நேத்து ஒண்ணுதானா? அதுக்கு முந்தி ஏதாவது விட்டியா?"

"இல்லக்கா. ரெண்டு வருஷத்துல இதுதான் முதல் தடவை."

"ரெண்டு வருஷமா விடாம போடுறியா? கடையிலயே உக்காந்திருக்கேன், நானே என் சத்து மாத்திரையைப் பாதி நாள் மறந்துடுறேன்." அக்கா அவளை அதிசயமாகப் பார்த்தாள். "ஒண்ணுதானே, பயப்படாத. வீட்டுக்குப் போனதும் முதல் வேலையா அதைப் போட்டுடு. இன்னைக்கு உள்ளதை வழக்கமான நேரத்துக்குப் போடு. ஒரே நாள்ல ரெண்டு ஆயிடுச்சேன்னு யோசிக்காத. நீ வாங்குற மாத்திரைக்கு இதான் முறை. ரெண்டு மூணு விட்டிருந்தா கதை வேற. ஒரு வாரத்துக்கு ஆணுறையும் சேர்த்து வேணும், டாக்டரையும் ஒரு வார்த்தை கேக்கணும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவளுக்கு இப்போதுதான் மூச்சு வந்தது.

பஸ் டிப்போவில் ஓட்டுநர் பயிற்சியில் இருந்தாள் அவள். முதல் நாள் அந்த உயரமான இருக்கையில் ஏறிச் சாவியைத் திருப்பியபோது, தெருவே தன் காலடியில் உறுமியது போல் இருந்தது. ஓட்டுநர் பேட்ஜ் கைக்கு வருவதற்குள் உண்டாகிவிட்டால் ஸ்டீயரிங்கை மறந்துவிட வேண்டியதுதான் என்று டிப்போவில் முதலிலேயே சொல்லிவிட்டார்கள். அவ்வளவு பெரிய பஸ்ஸை மிளகைவிடச் சின்ன மாத்திரை ஒன்று தாங்கிப் பிடித்திருக்கிறது என்பதை நினைத்தால் அவளுக்குத் தினமும் ஆச்சரியம்தான்.

"சரி, நேத்து மட்டும் எப்படி மறந்த?" என்றாள் அக்கா.

"அத்தை அவங்க தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டாங்க. வீடு அமைதியா இருந்துச்சா, சாப்பிட்டதும் அப்படியே தூங்கிட்டேன். அவங்க இருந்தா விடுவாங்களா? நான் பாயை விரிக்கிறப்பதான் 'ஒரு டம்ளர் தண்ணி கொண்டா'ன்னு குரல் வரும். மகன் பக்கத்துலயே உக்காந்திருப்பாரு, அவர்கிட்ட கேக்க மாட்டாங்க. நான்தான் எந்திரிச்சுப் போகணும். முன்னெல்லாம் இப்படி இல்லக்கா."

"சர்க்கரை இருக்கப் போகுது, பாக்கச் சொல்லு. அதான் தாகம் எடுக்குது. மாத்திரை விஷயம் அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா வீடு ரெண்டாயிடும். பேரப்பிள்ளை, பேரப்பிள்ளைன்னு போறவங்க வர்றவங்ககிட்ட எல்லாம் புலம்புறாங்க. எனக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும்."

வீட்டு வாசலில் அத்தையின் செருப்பு கிடந்தது. சாயங்காலம் வருவதாகச் சொன்னவள் காலையிலேயே வந்துவிட்டாள்.

அதுகூடப் பரவாயில்லை. சமையலறை அலமாரியில் இருந்த டப்பாக்களை எல்லாம் கீழே இறக்கி வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். கையில் இருந்தது அந்தப் பழைய டீத்தூள் டப்பா. மாத்திரை அட்டை அதற்குள்தான் இருந்தது.

மருமகள் சுவரோடு ஒட்டி நின்றாள். அத்தை டப்பாவை மேலும் கீழும் துடைத்தாள். அதே இடத்தில், தண்ணீர் வடிகட்டிக்குப் பக்கத்தில், திருப்பி வைத்தாள். மூடியைத் திறக்கவில்லை.

"வந்துட்டியா? லீவு நாள்லயும் வெளியே என்ன சுத்தல்?"

பதில் சொல்வதற்குள் எதிர்வீட்டு அம்மா உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். "என்ன, உன் மருமக எப்பத்தான் நல்ல சேதி சொல்லப் போறா?"

"அதை ஏன் கேக்குற. அவ பஸ்ஸைக் கட்டிக்கிட்டு அழுறா. நான் குடுத்து வச்சது அவ்வளவுதான்." அத்தை நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"ஜன்னலோரச் செடி மட்டும் எப்படித் தளதளன்னு வந்திருக்கு பாரு."

"தினம் தண்ணி ஊத்துறேன்ல."

இன்னும் கொஞ்சம் ஊர்க்கதை பேசிவிட்டு எதிர்வீட்டு அம்மா கிளம்பினாள். அதுவரை சுவரோடு ஒட்டி நின்றிருந்த மருமகளை அத்தை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அங்க என்ன சிலை மாதிரி நிக்குற? ஒரு டம்ளர் தண்ணி கொண்டா."

பகலில் அத்தை தண்ணீர் கேட்டதே இல்லை. அந்தக் குரல் ஒரு நாளும் அவள் காதில் இவ்வளவு இனிமையாக விழுந்ததும் இல்லை. ஓட்டமாகப் போனாள். குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் டப்பாவையும் திறந்து, மாத்திரையை எடுத்து வாயில் போட்டு விழுங்கினாள். அட்டையைப் பழையபடி ஒளித்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு டம்ளரோடு வந்தாள்.

அத்தை டம்ளரை வாங்கிக்கொண்டாள். குடிக்கவில்லை. எழுந்து போய், ஜன்னலோரச் செடியின் வேரில் நிதானமாக ஊற்றினாள்.

"வந்ததும் டப்பாவைத் திறந்து பாத்தேன். நேத்து உள்ளது அப்படியே இருந்துச்சு."

அவள் சமையலறை டப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஃபோன் போட்டாவது தண்ணி கேட்டிருக்கணும், அங்க சிக்னலே கெடைக்கல," என்றாள் அத்தை, காலி டம்ளரை அவளிடம் நீட்டியபடி. "நீ பேட்ஜ் வாங்குற வரைக்கும் இனிமே நான் எங்கயும் ராத்தங்கப் போறதில்ல."